பூவைக் கவனியுங்கள், பறவை வரும்

ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் ஆகஸ்ட் பிறந்தால் காட்டுப்பூக்களின் காலம். அந்தப் பூக்களை நம்பி வாழும் ஹனிஈட்டர் பறவைகளைப் பார்க்க, புதர் புதராக அலையத் தேவையில்லை. நன்றாகப் பூத்த ஒரு செடிக்குச் சற்றுத் தள்ளி அசையாமல் நின்றால் போதும்.

முதலில் கூர்மையான 'சிக்' ஒலி கேட்கும். பிறகு இறக்கையில் பளிச்சிடும் மஞ்சள் தெரியும். கறுப்பு வெள்ளைக் கோடுகளும் வெண்ணிறக் கண்ணும் இருந்தால், அது நியூ ஹாலந்து ஹனிஈட்டர். நீளம் சுமார் 18 செ.மீ., எடை 20 கிராம் அளவே.

வளைந்த அலகைப் பார்த்தால் நம்மூர்த் தேன்சிட்டின் உறவினர் என்றே தோன்றும். ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். ஒரே உணவு, தொடர்பில்லாத இரு பறவைகளுக்கும் ஒத்த அலகைத் தந்திருக்கிறது. நாக்கில்தான் வேறுபாடு: தேன்சிட்டின் நாக்கு குழாய் வடிவம், ஹனிஈட்டரின் நாக்கு நுனியோ தூரிகைபோல இழை இழையாகப் பிரிந்தது. அதை வேகமாக நீட்டி இழுத்துத் தேனை ஒற்றி எடுக்கிறது.

பூவும் பறவைக்கேற்ப அமைந்திருக்கிறது. ஹனிஈட்டர் பெரும்பாலும் உட்கார்ந்தே தேன் குடிக்கும். மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் சின்னமான கங்காருப் பாதப் பூவின் சிவந்த தண்டு அதன் எடையைத் தாங்குகிறது. பறவை அலகை நுழைக்கும்போது மகரந்தம் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. ஆகவே நெற்றியில் மஞ்சள் பொடி அப்பியிருந்தால், அது இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறது என்று அறியலாம்.

இவ்வளவு தேனைச் செடிகள் எப்படித் தருகின்றன? இங்குள்ள மண் மிகப் பழையது; பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஆனால் வெயிலுக்குக் குறைவில்லை. சர்க்கரை செய்ய வெயிலும் நீரும் காற்றும் போதும் என்பதால், செடிகள் அதைத் தாராளமாகச் செலவிடுகின்றன என்று சூழலியலாளர்கள் விளக்குகிறார்கள். தேனில் புரதம் மிகக் குறைவு. அதற்காகப் பறவை பூச்சிகளைப் பிடிக்கிறது.

செப்டம்பரில் பெர்த் செல்பவர்கள், நகரை ஒட்டிய கிங்ஸ் பார்க்கில் ஒரு காலைப் பொழுதைச் செலவிடுங்கள். சுமார் 400 ஹெக்டேர் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இயற்கைப் புதர்க்காடு. பைனாகுலர் இருந்தால் நல்லது, பொறுமை கட்டாயம். பூக்களைப் பறிக்காதீர்கள், அவை பறவையின் சாப்பாடு.