விக்னர் விளைவு

விக்னர் விளைவு என்பது, வேகமான நியூட்ரான்கள் மோதுவதால் ஒரு திண்மத்தின் அணுக்கள் தத்தம் இடங்களிலிருந்து பெயர்க்கப்படுவதைக் குறிக்கும். அணு உலைகளில் தணிப்பானாகப் பயன்படும் கிராஃபைட்டில் இவ்விளைவு முக்கியமானது. மன்காட்டன் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் யூஜின் விக்னர் 1942 இல் இதனை முன்கணித்தார். அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது.

கட்டமைப்பு மாற்றம்

கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாகப் பிணைந்து, அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஓர் அடுக்கில் அருகருகே உள்ள அணுக்களின் இடைத்தொலைவு 0.142 நானோமீட்டர், அடுக்குகளின் இடைவெளி 0.335 நானோமீட்டர். நியூட்ரானால் மோதப்பட்ட அணு தன் இடத்தில் ஒரு வெற்றிடத்தை விட்டுவிட்டு, பெரும்பாலும் இரு அடுக்குகளுக்கு இடையே சென்று தங்குகிறது. அது செல்லும் வழியில் வேறு பல அணுக்களையும் பெயர்க்கிறது. இதனால் படிகம் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் விரிவடைகிறது. அடுக்குகளின் தளத்தில் சுருங்குகிறது. வெப்பங்கடத்துதிறனும் குறைகிறது.

சேமிப்பு ஆற்றல்

இடம்பெயர்ந்த அணுக்கள் கூடுதல் ஆற்றல் கொண்டவை. இவ்வாறு சேரும் ஆற்றல் விக்னர் ஆற்றல் எனப்படும். குறைந்த வெப்பநிலையில் கதிர்வீச்சுக்கு உட்பட்ட கிராஃபைட்டில் இது கிராமுக்கு 2,700 ஜூல் வரை எட்டக்கூடும். உயர் வெப்பநிலையில் இயங்கும் உலைகளில் அணுக்கள் அவ்வப்போதே தம் இடங்களுக்குத் திரும்புவதால், இவ்வாற்றல் பெருமளவில் சேர்வதில்லை.

வெப்பப் பதப்படுத்தல்

கிராஃபைட்டைக் கதிர்வீச்சுக்கு உட்பட்ட வெப்பநிலையைவிட அதிகமாகச் சூடேற்றினால், இடம்பெயர்ந்த அணுக்களில் ஒரு பகுதி வெற்றிடங்களுக்குத் திரும்பி, சேமித்த ஆற்றலை வெப்பமாக வெளிவிடும். இவ்வெளியீடு ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் உச்சம் அடைகிறது. ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் வெளிப்படும் ஆற்றல் கிராஃபைட்டின் வெப்பக் கொள்ளளவை விஞ்சினால், புறத்தே சூடேற்றாமலேயே வெப்பநிலை தானாக ஏறிச்செல்லும். இதனால் இம்முறைக்கு மிகுந்த கட்டுப்பாடு தேவை. கட்டமைப்புச் சிதைவுகள் அனைத்தும் இவ்வெப்பநிலையில் நீங்குவதில்லை. எஞ்சியவற்றை நீக்க மிக உயர்ந்த வெப்பநிலை வேண்டும்.

வின்ட்ஸ்கேல் விபத்து

இங்கிலாந்தின் வின்ட்ஸ்கேலில் காற்றால் குளிர்விக்கப்பட்ட இரு கிராஃபைட்டு உலைகளிலும் விக்னர் ஆற்றலை வெளியேற்ற இம்முறையே கையாளப்பட்டது. 1957 அக்டோபர் 7 அன்று முதலாம் உலையில் இப்பணி தொடங்கியது. கிராஃபைட்டின் சில பகுதிகளில் ஆற்றல் வெளியேறவில்லை எனக் கருதி, மறுநாள் உலை மீண்டும் சூடேற்றப்பட்டது. வெப்பநிலை அளவிகள் உலையின் மிகச் சூடான இடங்களில் அமைந்திருக்கவில்லை. அக்டோபர் 10 இல் எரிபொருள் தீப்பற்றி எரிவது கண்டறியப்பட்டது. அக்டோபர் 11 இல் நீர் பாய்ச்சியும் காற்றோட்டத்தை நிறுத்தியும் தீ அணைக்கப்பட்டது. அயோடின்-131 காற்றில் பரவியதால், ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறக்கப்பட்ட பாலின் விற்பனை தடை செய்யப்பட்டது. இரு உலைகளும் அதன்பின் மீண்டும் இயக்கப்படவில்லை.