நிருபராக இருந்த வெளியுறவு அமைச்சர்

'பேனாவிலிருந்து பதவிக்கு' என்று தலைப்புக் கொடுத்து ஒரு தமிழரைப் பற்றி எழுதச் சொன்னால், கோலாலம்பூர் செந்தூல்காரனான எனக்கு முதலில் வருவது ராஜரத்தினத்தின் பெயர்தான். 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாகவே சிரம்பானுக்கு வந்தவர். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர் வேலை. பையன் சிரம்பானில் செயின்ட் பால்ஸ், கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், பிறகு ராஃபிள்ஸ் என்று படித்தான். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் முக்கால்வாசி இந்தப் பக்கத்துப் பிள்ளை.

வக்கீலாகி வா என்றுதான் லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். போர் வந்தது, ஊரிலிருந்து பணம் வருவது நின்றது. பிழைப்புக்காகப் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்தார். சிறுகதைகளும் எழுதினார். மலாயாக் கிராமமும் ஏழைக் குடிகளும் அவற்றில் வருவார்கள். போர் முடிந்து திரும்பியபோது கையில் சட்டப் பட்டம் இல்லை. கூட ஹங்கேரிய மனைவி பிரோஸ்கா இருந்தார். சிரம்பான் வீட்டில் அன்று என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஊகிக்க யாழ்ப்பாணத்தாராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

பிறகு மலாயன் டிரிபியூன், சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ். ஸ்டாண்டர்டில் 'நான் விரும்பியபடி எழுதுகிறேன்' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு வைத்து ஒரு பத்தி. காலனி அரசாங்கத்தை அதில் விட்டுவைக்கவில்லை. 1954 நவம்பரில் சிங்கப்பூரில் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1959இல் வேலையை விட்டுவிட்டு கம்போங் கிளாமில் நின்று ஜெயித்தார். கலாசார அமைச்சரானார்.

அவரை அமைச்சராக்கியது கட்சி என்பார்கள். பத்திரிகை மேசை என்பேன் நான். நாளைக்குள் முடித்தாக வேண்டும், காசு கொடுத்து வாங்குபவனுக்குப் புரிய வேண்டும், இன்னொருவன் வெட்டுவான், அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றும் அங்கேதான் பழகும். 1966இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் உறுதிமொழி வேண்டும் என்று கேட்டபோது அவர் எழுதிக் கொடுத்தது நாலைந்து வரிகள். பிரதமர் அதைத் திருத்தினார். இன்றும் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் காலையில் சொல்வது அந்தத் திருத்திய நகலைத்தான். தான் எழுதியதில் ஒரு கமாவைத் தொட்டாலே முகம் சுளிக்கும் தலைவர்களை நமக்குத் தெரியும்.

ஆனால் எனக்கு அவருடைய வாழ்க்கையில் முக்கியமான நாள் 1965 ஆகஸ்ட் 7. இடம் கோலாலம்பூரில் இருந்த சிங்கப்பூர் இல்லம். மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரியும் ஒப்பந்தம் கையெழுத்துக்குத் தயாராக இருக்கிறது. பேராக்கில் பிறந்த துணைப் பிரதமர் தோ சின் சாயும் சிரம்பானில் வளர்ந்த ராஜரத்தினமும் போட மறுக்கிறார்கள். குடும்பம், சொந்தபந்தம், பள்ளித் தோழர்கள் எல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம். வேறு வழியில்லை என்று மலேசியப் பிரதமர் துங்குவின் கடிதம் வந்த பிறகே இருவரும் பேனாவை எடுத்தார்கள். இரண்டு நாளில் அவர் படித்த கோலாலம்பூர் அவருக்கு அயல்நாட்டுத் தலைநகரம். வெளியுறவுத் துறையும் அவர் கைக்கே வந்தது! செப்டம்பரில் நியூயார்க்கில் ஐக்கிய நாட்டுச் சபையில் சிங்கப்பூர் 117ஆவது உறுப்பு நாடானது. 1967 ஆகஸ்ட் 8இல் பேங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் சிங்கப்பூருக்காக இவர் கையெழுத்திட்டார், மலேசியாவுக்காக துன் அப்துல் ரசாக். பிரிந்து இரண்டே வருஷம். 1980 வரை அந்தத் துறை அவரிடம்தான் இருந்தது.

ஆட்சிக்கு வந்தபின் பத்திரிகைகளை அவர் வேறு கண்ணால் பார்த்தார் என்று குறை சொல்பவர்களும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

என் கவலை வேறு. அவர் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்ப் பத்திரிகை மேசையிலிருந்து அப்படி ஒருவர் இனி மலேசியாவில் கிளம்புவாரா? 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. மிச்சமிருக்கும் நாளிதழ்களில் ஒரே நிருபர் காலையில் நீதிமன்றம், மதியம் கோயில் திருவிழா, ராத்திரி விருந்து என்று ஓடுகிறார். மாலை போட்ட படத்துக்குக் கீழே பெயர்ப் பட்டியல் எழுதியே வயசாகிவிடுகிறது. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து ஒரு மசோதாவை முழுசாகப் படிக்க அவருக்கு நேரம் எங்கே?

எங்கள் அடுக்குமாடியில் எஸ்.பி.எம். தேர்வு முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். மின்தூக்கி ரிப்பேராகி மாசக்கணக்கில் கிடந்ததைப் பற்றி அவள் எழுதிய ஒரு பக்கத்தைப் படித்தேன். யார் யாரிடம் கேட்டாள், எந்தத் தேதியில் யார் என்ன பதில் சொன்னார்கள், எல்லாம் வரிசையாக இருந்தது. பத்திரிகைப் படிப்புக்கு அனுப்பலாமே என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

"பேப்பர்ல எழுதுறதுக்கா அண்ணே இத்தன டியூஷன் கட்டுனோம்?" என்றார். லாயருக்கு மனு போட்டிருக்கிறார்களாம்.