நாற்காலி அவர்களுடையது!

ஆலைச் சங்கு ஊதி வெளியே வரும் திண்டுக்கல் தோழன் நிமிர்ந்து பார்த்தால் சிறுமலை தெரியும். அந்த மலை வாழைப்பழத்தின் ருசி நமக்குத் தெரியும். பழத்தை அறிந்த நாம், அந்த மலையிலே வாழும் பளியரை அறிவோமா?

திண்டுக்கல் மாவட்டத்தில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கு. தலைகளை எண்ணித் தீர்ப்புச் சொல்லும் சபையிலே இவர்கள் குரல் எப்படி எடுபடும்? ஆகவேதான் அவர்களுக்கென்று தனி மன்றம் வேண்டும் என்கிறோம்.

இல்லாமலில்லை. சென்னையிலே பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை அத்தகைய குழுவுக்கு 20 பேர் வரை இடம் தருகிறது. முக்கால் பங்கினர் பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்ற இரண்டே! மீதி இடங்களுக்கு நியமனம். பளியர் ஒருவர் அங்கே வேட்புமனுப் போட வழியில்லை. நார்வே நாட்டின் சாமி பழங்குடி மக்களோ, 1989-லேயே தங்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியல் வைத்துத் தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். இன்று அதில் 39 உறுப்பினர்கள்.

நம் மலையில் போட்டியிட இடமே இல்லையா? இருக்கிறது, தோழர்களே! 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தந்த வன உரிமைக் குழுதான் அது. கிராம சபை கூடி 10 முதல் 15 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2012-இல் திருத்திய விதிப்படி மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாகவும் இருக்க வேண்டும். சபைக்குப் பாதிப்பேராவது வந்தாக வேண்டும். உழுத நிலத்துக்கும், எடுக்கும் தேனுக்கும் உரிமை கேட்டு வரும் மனுவை வாங்குவதும், இடத்தை நேரில் பார்ப்பதும், எல்லை குறிப்பதும் இந்தக் குழுவின் வேலை.

இதற்கு யாரை நிறுத்துவது? "எழுதப் படிக்கத் தெரிந்தவர், அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர்" என்று உடனே சொல்லுவோம். அங்கேதான் நாம் தவறுகிறோம்! முன்னோர் புதைகுழி, பழைய கிணறு, கும்பிட்ட இடம், முதியவர்களின் வாக்குமூலம் இவையெல்லாம் சாட்சி என்று விதியே சொல்லுகிறது. பாட்டன் புதைந்த இடத்தைக் காட்டத் தெரிந்த கிழவியைவிடத் தகுதியான வேட்பாளர் யார்? கையெழுத்துப் போட இளைஞர் இருப்பார். காட்டை வாசிக்க அவள்தான் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுகிறோம். தனித்தொகுதி என்றதும், சொன்னபடி தலையாட்டும் ஆளைத் தேடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. தோட்டக்காரர் ஒருவரை நிறுத்துவார், காண்டிராக்டர் ஒருவரை நிறுத்துவார்; கட்சிக்காரர்களாகிய நாமும் அந்த ஆசைக்கு விலக்கானவர்கள் அல்ல. பெயர் பழங்குடிக்கு, அதிகாரம் பிறருக்கு என்றால், அது பிரதிநிதித்துவமா, பொம்மலாட்டமா?

அப்படியானால் நமக்கு வேலையே இல்லையா? நிறைய உண்டு. பஞ்சாயத்துத் தனித்தொகுதியில் நிற்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கு அதைத் தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். அதற்காக மலையிறங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. மனு எழுதிக் கொடுப்போம். கூடவே அலுவலகப் படியேறுவோம். கிராம சபையை ஊராட்சிக்கு ஒன்றாகக் கூட்டி அவர்களைக் கூட்டத்தில் கரைத்துவிடாமல், அவர்கள் குடியிருப்பிலேயே கூட்டச் சொல்லி வாதாடுவோம். சபை கூடியதும், நாம் பின்வரிசையில் உட்காருவோம்!

அவர்களுக்காக நாம் பேசியது போதும். இனி அவர்கள் பேசட்டும். நாற்காலி அவர்களுடையது, அதை யாரும் இழுத்துவிடாமல் காப்பது நம்முடைய கடமை.