விமானத்தில் உடனிருக்கை

'இரு' என்னும் சிறிய வினைச்சொல் நம் மொழியில் பல பொருளைச் சுமந்து நிற்கின்றது. உளதாதல் ஒன்று, தங்கி வாழ்தல் ஒன்று, அமர்தல் ஒன்று. அவ்வினையினின்றும் பிறந்த 'இருக்கை' என்னும் பெயரும் ஆசனத்தை மட்டுமன்றிக் குடியிருப்பினையும் குறித்தல் பண்டை வழக்கு. அத்தகைய இருக்கையை ஆகாய விமானத்தில் ஒவ்வொன்றாக விலை கூறி விற்கும் முறை இந்நாளில் பரவியுள்ளது. அஃது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடைபெறுகின்றது, பெற்றோருடன் செல்லும் இளஞ்சிறார் திறத்தில் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இது செல்வர்க்கு மட்டும் உரிய செய்தியென்று கருதுதல் வேண்டா. பழவேற்காட்டு ஏரியின் மேற்கே, தமிழ்நாட்டின் வட எல்லையை அடுத்து, எளாவூர் அமைந்துள்ளது. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே அடுத்த புகைவண்டி நிலையம் அதுவே. அவ்வூராரும் ஏரியைச் சார்ந்த மீனவர் குப்பத்தாரும் சென்னைக்குச் செல்லும் புறநகர் வண்டியில் இருக்கைக்கு எண் இல்லை. தாய் ஓரிடத்தில் அமர்கின்றாள். பிள்ளை அவள் மடியிலோ அருகிலோ ஒண்டிக்கொள்கின்றது. கூட்டம் மிகுந்தால் பக்கத்திலிருப்பவர் சற்றே நகர்ந்து இடந்தருகின்றார். நெடுந்தொலைவு செல்லும் வண்டியில் முன்பதிவு செய்யுங்காலும், கீழ்ப்படுக்கை வேண்டுமென்று குறித்தற்குத் தனிக்கட்டணம் இல்லை. ஒரே சீட்டிற் பதிந்தோர்க்கு இயன்றவரை அடுத்தடுத்த இடங்களே ஒதுக்கப்படுகின்றன.

இப்பழக்கத்தில் வளர்ந்த குடும்பமொன்று, தொழிலின் பொருட்டோ மருத்துவத்தின் பொருட்டோ முதன்முறையாகச் சென்னையினின்று விமானம் ஏற நேர்கின்றதென்று கொள்வோம். சீட்டுப் பதிவு செய்யும் கைப்பேசித் திரையில் விமானத்தின் உட்புறம் கட்டங் கட்டமாக வரையப்பட்டுத் தோன்றுகின்றது. கட்டந்தோறும் ஒரு விலை. பயணக் கட்டணத்தை முன்னரே கணக்கிட்டு வைத்திருந்த தந்தை திகைக்கின்றார். 'இத்தொகையையும் செலுத்தாவிடின் பிள்ளை நம் அருகில் இராதோ?' என்னும் அச்சம் அவருள்ளத்தே எழுகின்றது. அவ்வச்சத்திற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இக்கட்டணத்தின் வரலாற்றை நோக்குவாம். முற்காலத்தில் விமானச் சீட்டு என்பது ஒரு முழுப்பொருள். பெட்டி, உணவு, இருக்கை எல்லாம் அதனுள் அடங்கின. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை நீக்கிற்று. அதன்பின் நிறுவனங்கள் போட்டியிட்டுக் கட்டணத்தைக் குறைத்தன. 2008-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை பெரிதும் உயர்ந்தபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் பயணி ஒப்படைக்கும் முதற் பெட்டிக்கே 15 டாலர் வாங்கத் தொடங்கியது. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. சீட்டின் விலை சிறிதாகக் காட்டப்படும். அதனுள் முன்பு அடங்கியிருந்த பொருள்களோ வெளியே எடுக்கப்பட்டுத் தனித்தனியே விற்கப்படும். இதுவே புதிய வாணிகமுறை. நம் நாட்டிலும் 2003-ஆம் ஆண்டில் ஏர் டெக்கான் தோன்றியது முதல் மலிவுக் கட்டண விமானங்கள் பெருகின. 2013-ஆம் ஆண்டில், விரும்பிய இருக்கை, உணவு முதலியவற்றிற்குத் தனிக்கட்டணம் பெற நம் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இசைவளித்தது. ஆயினும், அவை பயணி தானே விரும்பி ஏற்பனவாக இருத்தல் வேண்டுமென்பது நிபந்தனை. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் இண்டிகோ நிறுவனம் இணையவழி வருகைப்பதிவில் எல்லா இருக்கைகளுக்கும் கட்டணம் உண்டென்று அறிவித்தபோது பயணிகளிடையே பெருங்குறை எழுந்தது. அமைச்சகமும் அதனை ஆராய்வதாகக் கூறிற்று. விமான நிலையத்தில் இருக்கை கட்டணமின்றி ஒதுக்கப்படும் என்று அந்நிறுவனம் பின்னர் விளக்கமளித்தது.

இனி, குடும்பத்தார் பிரிய நேர்வது யாங்ஙனம் என்பதைக் காண்போம். நம் நாட்டில் மிகுதியாகப் பறக்கும் ஏர்பஸ் 320 வகை விமானத்தில் நடுவே ஒரு நடைவழியும், அதன் இருமருங்கும் மும்மூன்று இருக்கைகளும் உண்டு. வரிசை 30 எனின் இருக்கை 180. அவற்றுள் சாளரத்தை அடுத்தவை 60. நடைவழியை அடுத்தவை 60. இரண்டிற்கும் இடைப்பட்டவை 60. தனியே செல்வோர் விரும்புவன சாளரமும் நடைவழியுமே. அவர்கள் பணங்கொடுத்து அவற்றைக் கொண்டபின், எஞ்சுவன பெரும்பாலும் வரிசைக்கு இரண்டாகச் சிதறிக் கிடக்கும் நடு இருக்கைகளே. அவ்விரண்டின் இடையேயும் நடைவழி கிடக்கின்றது. கட்டணஞ் செலுத்தாத நால்வர் குடும்பத்திற்குக் கணிப்பொறி தானே இடம் ஒதுக்குங்கால், ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகப் பிரிதல் இதனால் நேர்கின்றது. அவசர வழியை அடுத்த அகன்ற வரிசைகளிலோ சிறாரை அமர்த்தல் விதிப்படி கூடாது. ஆகவே, குடும்பத்திற்கு உரிய இடப்பரப்பு பிறர்க்கு உரியதினும் குறுகியது.

நிறுவனத்தார் கூறும் நியாயத்தையும் நாம் கேட்டல் வேண்டும். 'எல்லார்க்கும் எல்லாம் சேர்த்து ஒரே விலை வைப்பின், பெட்டியின்றித் தனியே செல்லும் ஏழை மாணவனும் பிறருடைய வசதிக்குப் பணங் கொடுத்தவனாவான். விரும்பியவன் விரும்பியதற்கு மட்டும் கொடுப்பதே நேர்மை' என்பர். இவ்வுரையில் உண்மை உண்டு. கால் நீட்ட இடம் வேண்டுவோனும், சாளரத்தின் வழியே முகிலைக் காண விழைவோனும், விரைந்து இறங்க விரும்புவோனும் அவ்வசதிக்கு விலை கொடுத்தல் தகும். அவற்றை யாம் மறுக்கவில்லை. ஆனால், ஐந்து வயதுப் பிள்ளை தன் தாயினருகில் அமர்தல் இவைபோன்ற ஒரு வசதியோ? அன்று என்பதே எம் துணிபு.

இதற்குச் சான்று விமானத்துள்ளேயே உளது. விமானம் எழுமுன் பணியாளர் நின்று காட்டும் பாதுகாப்பு முறைகளை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். காற்றழுத்தம் குறையின் மேலிருந்து மூச்சுக்கவசம் இறங்கும். முதலில் நுங்கள் கவசத்தை அணிந்துகொண்டு, பின்னர்ப் பிள்ளைக்கு அணிவியுங்கள் என்று அவர் அறிவுறுத்துகின்றார். பிள்ளை கையெட்டும் தொலைவில் இருக்கின்றது என்னும் கருத்தின் மீதன்றோ அவ்வறிவுரை நிற்கின்றது? ஆறு வரிசைக்கு அப்பால் இருக்கும் பிள்ளைக்குத் தாய் எவ்வாறு அணிவிப்பாள்? மேலும், விமானத்தின் வாயில்களுட் பாதி அடைபட்ட நிலையிலும் அனைவரும் 90 நொடிக்குள் வெளியேறக் கூடுமென்று மெய்ப்பித்த பின்னரே புதிய பெருவிமான வகைக்கு ஒப்புதல் வழங்கப்பெறும். அத்தகைய நெருக்கடியில், எல்லாரும் வாயிலை நோக்கி ஓட, ஒரு தாய் மட்டும் எதிர்த்திசையிலே தன் மகவைத் தேடி ஓடுவாளாயின், அவளுக்கும் தீங்கு. அவள் வழிமறித்த பிறர்க்கும் தீங்கு. ஆதலின் பிள்ளையின் உடனிருக்கை தாயின் விருப்பத்தைச் சார்ந்த பொருளன்று. விமானத்திலுள்ளார் எல்லாருடைய பாதுகாப்பையும் சார்ந்தது.

இதனை உணர்ந்த அரசாங்கங்கள் விதிகள் வகுக்கத் தலைப்பட்டன. கனடா நாட்டில் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதி மிகவும் தெளிவானது. ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளை பெற்றோர்க்கு அடுத்த இருக்கையில் அமர்தல் வேண்டும்; 5 முதல் 11 வயது வரை உள்ளதாயின் அதே வரிசையில், இடையே ஓர் இருக்கைக்கு மேற்படாமல்; 12, 13 வயதினராயின் ஒரு வரிசைக்கு மேல் விலகாமல். இதற்குக் கட்டணம் பெறுதல் கூடாது. அமெரிக்கச் சட்டமன்றம் 2016-ஆம் ஆண்டிலேயே இதனைக் குறித்துச் சட்டம் இயற்றியும், நெடுங்காலம் விதி பிறக்கவில்லை. 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை ஒரு வழி கண்டது. எந்நிறுவனம் கட்டணமின்றிக் குடும்பத்தைச் சேர்த்து அமர்த்த உறுதியளிக்கின்றது என்பதை யாவரும் காண அட்டவணையாக வெளியிட்டது. நாணம் சில வேளைகளில் சட்டத்தினும் விரைந்து வேலை செய்யும்போலும். சில நிறுவனங்கள் உடனே உறுதியளித்தன. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கட்டணத்தைத் தடுக்கும் விதியொன்றும் அங்கே முன்மொழியப்பட்டது.

நம் நாட்டில் 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் தலைமை இயக்குநரகம் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. 12 வயது வரையுள்ள சிறார்க்கு, ஒரே பி.என்.ஆர். எண்ணிற் பயணஞ் செய்யும் பெற்றோர் அல்லது காப்பாளருள் ஒருவரோடேனும் சேர்த்து இருக்கை ஒதுக்குதல் வேண்டும். அதற்குரிய பதிவேடும் வைத்தல் வேண்டும் என்பது அவ்வாணை. ஆகவே, நாம் முன்பு கூறிய தந்தையின் அச்சத்திற்கு விடை இதுவே: அருகிருத்தலுக்காக மட்டும் அவர் விலை கொடுக்க வேண்டுவதில்லை.

பன்னிரண்டு என்னும் எண்ணைக் கண்டவுடன் நற்செய்தி நூல் பயின்றார்க்கு ஒரு நிகழ்ச்சி நினைவிற்கு வரும். பஸ்கா விழா முடிந்து எருசலேமினின்றும் திரும்பிய மரியாளும் யோசேப்பும், பன்னிரண்டு வயதினரான இயேசு பயணக் கூட்டத்தில் இருக்கின்றாரென்று எண்ணி ஒருநாள் வழி நடந்தனர். காணாமல் கலங்கித் திரும்பினர். மூன்றுநாள் கழித்தே தேவாலயத்திற் கண்டனர் என்று லூக்கா எழுதுகின்றார். உறவினர் நிறைந்த கூட்டத்திலேயே பெற்றோர்க்கு அத்துணைத் துயர் நேர்ந்ததாயின், அயலார் நிறைந்த விமானத்தில் மகவைப் பிரிந்திருக்கும் எளியோர் படும் கலக்கத்தைக் கூறவும் வேண்டுமோ?

எனினும், விதி இருத்தல் வேறு. அதன் பயன் எய்துதல் வேறு. இருக்கைக்கு விலை கூறும் திரை, 'நும் பிள்ளைக்கு நும்மருகில் இடம் உண்டு. அதற்கு நீவிர் பணம் தரவேண்டா' என்று தெளிந்த தமிழிற் சொல்லுமாயின் எத்தனை பேர் அக்கட்டணத்தைச் செலுத்துவர்? அறிந்தவன் கொடாமல் தப்புகின்றான். அறியாதவன் அஞ்சிக் கொடுக்கின்றான். பலகாற் பயணஞ் செய்த நகரத்தாரினும், வாழ்நாளில் ஒருமுறை பறக்கும் குப்பத்துக் குடும்பமே மிகுதியாகக் கொடுக்க நேர்கின்றது. வசதியை விற்றல் வாணிகம். அச்சத்தை விற்றல் வாணிகமாகாது. அன்றியும், அவ்வாணை 12 வயதோடு நின்றுவிடுகின்றது. எழுதப்படிக்க அறியாத முதியவள் தன் மகனினின்றும் பிரிந்து அமர நேரின், அதற்கு அவ்வாணையில் வழி காணோம்.

பொதுப்பொருளை விலையின்றிப் பங்கிடுதல் இயலுமோ என்று சிலர் வினவலாம். பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றோர் ஏற்பாடு தொன்றுதொட்டு வழங்குகின்றது. முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பரப்பில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவ்விடங்களைப் பணம் மிக்கார் கைப்பற்றாவண்ணம், இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று முறை வைத்தும் சீட்டுப் போட்டும் பங்கிடுகின்றனர். அம்முறையிற் குறையில்லை என்று யாம் கூறோம். பாட்டுரிமை இல்லாதார் விலக்கப்படுதலும், அதனால் வழக்குகள் எழுந்தமையும் உண்டு. எனினும், குறைந்த இடத்தைப் பலர் பகிரும்போது விலை ஒன்றே வழியன்று. முறை என்பதும் ஒரு வழி என்று அவ்வேரி நமக்குக் கற்பிக்கின்றது. விமானத்திலும், சிறாருள்ள குடும்பத்திற்குச் சில வரிசைகளை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை விற்கும்படி கணிப்பொறிக்குக் கட்டளையிடுதல் அரிய செயலன்று. அங்ஙனம் செய்யாது, பணங்கொடுத்து அமர்ந்த மற்றொரு பயணியைப் பணியாளர் இறுதி நேரத்தில் எழுப்பி இடம் மாற்றுதல் அவருக்கு இழைக்கும் அநீதியாகும். நிறுவனத்தின் கடமையை அயலாரின் இரக்கத்தின்மேற் சுமத்துதல் முறையன்று.

பயணஞ் செய்வார் கடைப்பிடிக்க வேண்டுவன சில உள. குடும்பத்தார் அனைவரும் ஒரே பி.என்.ஆர். எண்ணிற் பதிவு செய்க. தனித்தனியே பதிந்தால் ஆணையின் துணை கிடைப்பது அரிதாம். பிள்ளையின் வயதைப் பிழையின்றிக் குறிக்க. இருக்கை விலை கேட்கும் பக்கம் வந்தால், அதனைத் தவிர்த்து மேற்செல்லும் வழியைத் தேடுக. வருகைப்பதிவு தொடங்கியவுடனே அதனைச் செய்க. பிரித்து இடந்தரப்பட்டால், விமானத்தில் ஏறும்வரை காத்திராது நிலையத்துப் பதிவுமேடையிலேயே 2024-ஆம் ஆண்டின் ஆணையைச் சொல்லிக் கேட்க. அங்கும் முறை கிடைக்காதாயின், அரசாங்கத்தின் 'ஏர்சேவா' என்னும் இணையத்தளத்தில் முறையீடு செய்யலாம்.

கல்லூரியிற் பயில்வோர்க்கு இதில் ஒரு தொண்டும் காத்திருக்கின்றது. நம் ஊரார்க்கும் உறவினர்க்கும் கைப்பேசியிற் சீட்டுப் பதிந்து கொடுப்போர் பெரும்பாலும் நாமே. ஆணையை அறிந்து, வேண்டாத கட்டணத்தை விலக்கி, அவர்கள் பிள்ளைகளை அவர்களருகே அமரச் செய்தல் சிறு செயலே. ஆயினும், முதன்முறை வானிற் செல்லும் ஒரு தாய் தன் மகவின் கையைப் பற்றிய வண்ணம் அமைதியுடன் செல்வதற்கு அச்சிறு செயல் போதும். கற்ற கல்வி அவ்வளவிற்கேனும் பிறர்க்குப் பயன்படுவதாக.