ஜன்னலோரப் பயணியின் கண்

விழுப்புரம் ஜங்ஷனில் ஏறித் திண்டிவனம் போகிறவர்கள், எதிரே ஜன்னலோரத்தில் இருப்பவரின் கண்ணை ஓரக்கண்ணால் கவனிக்கலாம். முண்டியம்பாக்கம் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும், பின்னால் ஓடும் கம்பத்தோடு கருவிழி மெல்ல நகரும். சட்டென்று முன்பக்கம் துள்ளும். மறுபடி மெல்ல நகரும். பேரணி, மயிலம் என்று வழிநெடுக இதே ஆட்டம்தான். அவரைக் கேட்டால், "சும்மா வேடிக்கை பார்த்துட்டு வரேன்" என்பார்.

மருத்துவத்தில் இதற்கு ஆப்டோகைனடிக் நிஸ்டாக்மஸ் என்று பெயர். விழித்திரையில் பிம்பம் வழுக்கினால் பார்வை கலங்கும். அந்த வழுக்கலைத் தடுக்கவே கண் கூடவே நகர்கிறது. விழித்திரையிலேயே ஒரு திசை அசைவுக்கு மட்டும் துடிக்கும் செல்கள் உண்டு. 1960களில் ஹோரேஸ் பார்லோவும் அவரது சகாக்களும் முயலிடம் இதைக் காட்டினார்கள். நடுமூளையும் தாலமஸும் சேரும் இடத்தில் ப்ரீடெக்டம் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே, பார்வை நரம்புப் பாதையை ஒட்டிய ஒரு சிறிய நரம்புக்கரு இந்தச் செய்தியை வாங்கி மூளைத்தண்டுக்கு அனுப்புகிறது. இடப்பக்கக் கரு இடப்புற அசைவுக்கு, வலப்பக்கக் கரு வலப்புற அசைவுக்கு.

செய்தியில் ஒரு பங்கு, உள்காதின் சமநிலைத் தகவல் வந்து சேரும் கருக்களுக்கும் போகிறது. வேகம் மாறும்போதுதான் உள்காதுக்கு உறைக்கும். சீராக ஓடும் வண்டியில் அது வாய்மூடிவிடும். அப்போது கண் சொல்வதே எடுபடும். பக்கத்துப் பிளாட்பார ரயில் கிளம்பும்போது நம் வண்டி நகர்வதாகத் தோன்றி ஏமாறுவது இதனால்தான்.

முயலுக்கு இந்த ஆழத்து வழியே பெரும்பாலும் போதும். குரங்கிலும் மனிதரிலும் பெருமூளைப் புறணியும் அதே கருவுக்குத் தகவல் தருகிறது. பிறந்த குழந்தைக்கு அந்த இணைப்பு இன்னும் முதிர்ந்திருக்காது. ஒரு கண்ணை மூடிவிட்டு வரிபோட்ட உருளையைச் சுற்றினால், காதுப்பக்கத்திலிருந்து மூக்கை நோக்கி ஓடும் வரிகளைக் குழந்தையின் கண் நன்றாகவே பின்தொடரும், எதிர்த்திசையில் தடுமாறும். சில மாதங்களில் இது சரியாகிவிடும்.

அதே உருளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தனக்குப் பார்வையே இல்லை என்று சாதிப்பவரின் முன்னால் அதைச் சுற்றினால், கண் வரிகளோடு ஓடி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அதை அடக்குவது லேசில்லை.