தாமிரபரணியின் தனிக் கெண்டை

பாளையங்கோட்டையில் என் நண்பர் ஒருவருக்குப் பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவன் இருக்கிறான். சில வருஷங்களுக்கு முன், சித்திரை வெயில் வீட்டுச் சுவர்களைத் தோசைக்கல்லாகக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அவன் என்னிடம் வந்து, "மாமா, நான் நியூட் வளர்க்கப் போகிறேன். முட்டையிட வைத்துக் குஞ்சும் எடுக்கப் போகிறேன்" என்றான்.

நியூட் என்பது பார்வைக்குப் பல்லி. குலத்தால் தவளைக்குத் தாயாதி. ஐரோப்பாவில் இவற்றைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்போர் அநேகர். ஆண் தன் வாலை மடித்து அசைத்துப் பெண்ணை நோக்கிச் சிற்றலைகளை அனுப்பும். பெண்ணோ ஒவ்வொரு முட்டையாக நீர்ச்செடியின் இலையில் இட்டு, நம் பாட்டிமார் வெற்றிலை மடிப்பதைப்போல் இலையை மடித்து வைக்கும். இதைப் படித்துவிட்டுத்தான் பையன் மயங்கியிருந்தான். யார்தான் மயங்கமாட்டார்கள்?

ஆனால் அவை பெரும்பாலும் குளிர்ச்சியை நாடும் பிராணிகள். தண்ணீரின் சூடு 25 டிகிரியைத் தாண்டினாலே அநேகம் வாடிவிடும். நம் தேசத்தில் இவ்வினம் டார்ஜிலிங், சிக்கிம், மணிப்பூர் முதலிய கிழக்கு மலைகளில் மட்டுமே உண்டு. அங்கேயும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் வீட்டில் வைத்துக்கொள்ள இயலாது. டார்ஜிலிங்கிலுள்ள பத்மஜா நாயுடு மிருகக்காட்சிசாலை போன்ற இடங்கள்தாம் அவற்றைப் பெருக்குவதில் ஈடுபடலாம். திருநெல்வேலிச் சீமையில் நியூட் வளர்ப்பது பனிக்கட்டியை அடுப்பங்கரையில் வைத்துக் காப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வளவையும் சொன்னேன். பையன் முகம் சுருங்கியது. "அப்படியானால் நம் ஊரில் என்னதான் மாமா இருக்கிறது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. பாபநாசம் படித்துறையில் நின்று மீன்களுக்குப் பொரி இறைத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆனால் அந்த ஆற்றில் இன்னும் எவ்வகை மீன்கள் வாழ்கின்றன என்று நாம் கேட்டதுண்டா? பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இந்த நதி சுமார் 128 கிலோமீட்டர் நீளமே உள்ளது. ஒரே சீமையில் தோன்றி, அங்கேயே ஓடி முடிகிறது. இத்தனை சிறிய நதிக்கென்றே ஒரு கெண்டை இனம் அமைந்திருக்கிறது. 1954-ல் ஸைலஸ் என்னும் மீனியல் அறிஞர் அதை விவரித்து, சாஸ்திரப் பெயரில் 'தம்ப்ரபர்னியை' என்று நதியின் பெயரையே சேர்த்தார். 2012-ல் இலங்கையைச் சேர்ந்த ரோஹன் பெத்தியாகொடவும் அவருடன் உழைத்தவர்களும் இதையும் இதன் உறவினங்களையும் தனிப் பேரினமாக்கி, ரிச்சர்டு டாக்கின்ஸ் என்னும் ஆங்கிலேய உயிரியலாரின் பெயரால் 'டாக்கின்ஸியா' என்று அழைத்தனர். பெயரின் முற்பாதி ஆக்ஸ்போர்டு, பிற்பாதி அம்பாசமுத்திரம்!

வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்புக் கதிர்கள் நூல் நூலாக நீண்டு வால்பக்கம் அலையும். உடலில் கரும்பட்டைகள், வெளிச்சம் படும்போது ஊதாவும் பச்சையும் மாறி மாறி மின்னும். இனம் பெருக்கும் காலத்தில் மூக்கின்மேல் வெண்ணிற முட்கள்போல் சிறு பருக்கள் அரும்பும். மேல்நாட்டு வளர்ப்போர் இந்த அழகுக்காகவே இதை வெகுகாலமாக வளர்த்து வருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே இது பெரும்பாலும் காவேரிப் பக்கத்து உறவினமான 'அருலியஸ்' என்ற பெயரிலேயே விலைபோயிற்று. நம் நதியின் பிள்ளை அயலூரில் அயலார் பெயரோடு திரிந்தது!

பையன் ஆற்றில் வலை வீசப் புறப்பட்டான், தடுத்துவிட்டேன். உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட இனம் இது. மேலாற்றுப் பகுதியோ களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். ஆகவே தொட்டியில் பிறந்த குஞ்சுகளைத்தான் தேட வேண்டும். பல மாதம் தேடி, சென்னையில் மீன் வளர்ப்பவர் ஒருவரிடம் ஆறு குஞ்சுகள் வாங்கினான். நாலடி நீளத் தொட்டி, ஓயாது குமிழியிடும் காற்றுக் குழாய், வாரந்தோறும் ஒரு பகுதி தண்ணீர் மாற்றுதல். ஓடும் நீரில் வாழ்ந்த குலம் அல்லவா? தேங்கிய அழுக்கை அது பொறுக்காது.

ஓராண்டுக்கு மேல் கழிந்தது. ஒருநாள் விடியற்காலையில் ஆண் பெண்ணைத் துரத்திற்று; செடிகளுக்கிடையே முட்டைகள் சிதறின. பையன் பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் ஒரு முட்டைகூட மிச்சமில்லை. பெற்றவர்களே தின்றுவிட்டன! நியூட்டின் இலை மடிக்கும் சாமர்த்தியம் இவற்றுக்கு இல்லை. அன்றிரவு அவன் சாப்பிடவில்லை என்று அவன் தாயார் சொன்னார்.

மறுமுறை வேறு தொட்டி வைத்தான். அடியில் கோலிக்குண்டுகளை நெருக்கமாகப் பரப்பினான். விழும் முட்டைகள் இடுக்குகளில் இறங்கிவிட்டால் தாய் தந்தையர் வாய்க்கு எட்டாது. இட்டு முடித்ததும் பெரியவற்றை வெளியேற்றினான். ஒன்றிரண்டு நாளில் முட்டைகள் பொரிந்தன. அடுத்த நாள் குஞ்சுகள் ஊசிமுனைகளைப்போல் நீந்தத் தொடங்கின. அவற்றுக்கு முதலில், வாடிய கோஸ் இலையை ஊறவைத்த ஜாடித் தண்ணீரில் உண்டாகும் நுண்ணுயிர்களே ஆகாரம். பிறகு ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பூச்சியின் குஞ்சு. ஜாடியின் வாடைக்காக அவன் தாயார் ஒரு வாரம் சமையலறைப் பக்கம் அவனை விடவில்லை.

இரண்டு விஷயங்களை அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். உறவினக் கெண்டைகளை ஒரே தொட்டியில் விட்டால் கலப்புக் குஞ்சுகள் பிறக்கக்கூடும். அப்புறம் அது தாமிரபரணிக் கெண்டை ஆகாது. எத்தனை குஞ்சு மிஞ்சினாலும் ஆற்றில் விடவும் கூடாது. தொட்டியின் நோய் ஆற்றுக்குப் போகும். எங்கெங்கோ சுற்றி வந்த வம்சம் ஆற்றின் வம்சத்தோடு கலக்கும். 1952-ல் இத்தேசத்துக்குக் கொண்டுவந்த திலாப்பியா நம் நீர்நிலைகளில் எப்படிப் பரவிற்று என்பதை நாம் பார்க்கவில்லையா? ஆற்றிலுள்ள கெண்டைக்கு வேண்டியது வேறு: சாக்கடை கலக்காத தண்ணீர், வாரிக்கொண்டு போகாத மணல்.

"அப்படியென்றால் இந்தத் தொட்டியால் என்ன பிரயோஜனம்?" என்று நண்பர் கேட்டார். அவருடைய பிள்ளை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் படித்துறைக்குப் போய், எந்தச் சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் விழுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறான். அந்த நோட்டை அவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் புரட்டிக்கொண்டிருந்தார்.

குஞ்சுகள் நாற்பத்தொன்று என்று பையன் எண்ணியிருக்கிறான். நாற்பத்து மூன்று என்று அவன் தங்கை சாதிக்கிறாள். நான் போனபோது இருவரும் தொட்டிமுன் உட்கார்ந்து மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.