வாசலில் மஞ்சள் அரளி, வீட்டுக்குள் தொட்டிச் செடி: குழந்தைக்கு எது ஆபத்து?



சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு மூக்கண்டப்பள்ளியில் வயல் குறைந்தது, வீடுகள் பெருகின. ஆனாலும் செடி வளர்க்கும் ஆசை நம்மை விட்டுப் போகவில்லை. இடம் உள்ளவர் வாசலில் ஒரு பூமரம் வைக்கிறார். லைன் வீட்டில் குடியிருப்பவர் ஜன்னல் ஓரமாக ஒரு தொட்டி வைக்கிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் தவழுகிற குழந்தை, நடை பழகுகிற குழந்தை உள்ள வீட்டில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் வைத்திருக்கும் செடியைக் குழந்தை வாயில் போட்டால் என்ன ஆகும்?

ஒரு பூமரத்தையும் ஒரு தொட்டிச் செடியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் விஷம் உள்ளவை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

மஞ்சள் அரளி: பொன்னரளி என்றும் சொல்வார்கள். ஆள் உயரத்துக்கு மேல் சிறு மரமாக வளரும். இலை ஒடுங்கி, நீண்டு, பளபளப்பாக இருக்கும். பூ மணி போல மஞ்சளாகத் தொங்கும். எங்கே கிள்ளினாலும் வெள்ளைப் பால் வரும். பச்சைக் காய்க்குள் கெட்டியான கொட்டை இருக்கும். பிள்ளைகள் அதைப் பொறுக்கி விளையாடுவார்கள். அரளி இனத்தை அடுத்த வீட்டுக்காரர் கன்னடத்தில் கணகிலெ என்பார், தெலுங்கில் கன்னேரு என்பார். பேர் வேறு, விஷம் ஒன்றே. செவ்வரளியும் இதே ரகம்தான்.

டிஃபன்பேக்கியா: நர்சரியில் தொட்டியோடு விற்கும் அழகுச் செடி. தண்டு தடித்திருக்கும். இலை அகலமாக, பச்சையில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். நம் வீடுகளில் இதையும் பொதுவாக "குரோட்டன்ஸ்" என்றே சொல்லிவிடுகிறோம். வெயில் அதிகம் கேட்காது. அதனால் வீட்டுக்குள், குழந்தையின் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும்.

இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து அழகுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவை.

தொட்டிச் செடி என்ன செய்யும்?

கருணைக்கிழங்கை நறுக்கும்போது கை அரிக்கிறது, சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் நமநமக்கிறது. ஏன்? அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இருக்கின்றன. கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் ஊசிகள் அவை. டிஃபன்பேக்கியாவும் கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குழந்தை இலையையோ தண்டையோ கடித்தவுடன் இந்த ஊசிகள் உதட்டிலும் நாக்கிலும் குத்துகின்றன. எரிச்சல், வலி, வீக்கம், எச்சில் ஒழுகுதல் எல்லாம் உடனே வந்துவிடும். நாக்கு வீங்கினால் பேச்சு வராது. அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு ஊமைச் செடி என்ற பொருளில் ஒரு பேர் உண்டு.

வலி தாங்காமல் குழந்தை துப்பிவிடும், வீறிட்டு அழும். ஆகவே அதிகமாக விழுங்குவது அபூர்வம். பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ சரியாகிவிடும். தொண்டை வீங்கி மூச்சு முட்டினால்தான் உயிருக்கு ஆபத்து. மணி பிளாண்ட் செடியிலும் இதே ஊசிகள் உண்டு.

அரளி என்ன செய்யும்?

"ஆடு மாடு கடிக்காதுங்க, வேலிக்கு நல்லது" என்று சொல்லி அரளி வைக்கிறோம். ஆடு மாடு ஏன் கடிக்கவில்லை என்று யோசித்தோமா?

அரளியின் விஷம் வாயைத் தொடாமல் நேரே இதயத்துக்குப் போகிறது. இலை, பூ, பட்டை, வேர், பால் எல்லாவற்றிலும் விஷம் உண்டு. விதையில் மிக அதிகம். இதயம் சீராக அடிப்பதற்கு உடம்பில் உப்புச் சத்துகள் ஒரு கணக்கில் உள்ளே போய் வெளியே வர வேண்டும். அரளி விஷம் அந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. நாடி மெதுவாகும், தாறுமாறாகும், கடைசியில் நின்றும் போகலாம். காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் இந்த விஷம் போகாது.

குழந்தைக்கு முதலில் வாந்தி, வயிற்று வலி, பேதி, தலைச்சுற்றல் வரலாம். "ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் நினைத்துவிடுவோம். சில குழந்தைகள் முதல் சில மணி நேரம் நன்றாகவே விளையாடும். இலங்கையில் 1980-களிலிருந்து இந்த விஷத்துக்கு ஆளானவர்களைப் பெரும் எண்ணிக்கையில் கவனித்த டாக்டர்கள் கண்டது இதுதான்: வந்தபோது தெளிவாக இருந்தவருக்கும் பிறகு இதயத் துடிப்பு கெட்டுப்போகலாம்.

வித்தியாசம் புரிகிறதா? தொட்டிச் செடி உடனே கத்த வைக்கிறது, பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அரளி சத்தம் போடாமல் உள்ளே போகிறது, உயிரையே கேட்கிறது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அழாத குழந்தையைப் படுக்க வைத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் நடக்கிறது.

கடித்துவிட்டால் என்ன பண்ணுவது?

தொட்டிச் செடியானால்:
1. வாயில் உள்ளதை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.
2. வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். குளிர்ந்த நீர் அல்லது பால் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.
3. சாறு கண்ணில் பட்டால் கசக்காமல் கால் மணி நேரம் சுத்தமான நீரால் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.
4. நாக்கு வீங்கினாலும், விழுங்க முடியாவிட்டாலும், மூச்சில் சத்தம் வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அரளியானால்:
1. வாயில் மிச்சம் உள்ளதை எடுத்துவிடுங்கள்.
2. உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையில் விரல் விடாதீர்கள்.
3. குழந்தை நன்றாக இருந்தாலும் 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.
4. கடித்த இலையையோ காயையோ ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.
5. டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார், ஒரு நாளாவது தங்கச் சொல்வார். "பிள்ளை நல்லா இருக்குதே" என்று பாதியில் அழைத்து வந்துவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை

அரளி பெரியவர்களையும் விட்டுவைப்பதில்லை. கேரளத்தில் 2024-ல் ஒரு இளம்பெண்ணின் மரணத்துக்கு அரளி இலையை மென்றது காரணமாக இருக்கலாம் என்று செய்தி வந்தது. அதன் பிறகு திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தியது. சாமிக்கு மாலையாகப் போடலாம், வாயில் போடும் பொருளோடு சேர்க்கக் கூடாது.

இன்னொன்று. வேண்டாத கருவை அரளி வேரால் கலைக்கலாம் என்று சிலர் காதோடு காதாகச் சொல்வதுண்டு. நம்பாதீர்கள். அது தாயின் உயிரைப் பறிக்கும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கும் நிலைகளில், அரசு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி பெற்ற டாக்டரிடம் பாதுகாப்பாகக் கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். ரகசியம் காக்கப்படும். கிராம சுகாதார செவிலியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

செடியை என்ன செய்வது?

தொட்டிச் செடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உதிர்ந்த இலையை உடனே எடுத்துவிடுங்கள். வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அரளிக்கு உயரம் உதவாது. பூவும் காயும் தானாகத் தரையில் விழும். சின்னக் குழந்தை உள்ள வீட்டு வாசலில் அது வேண்டாம். வெட்டும்போது கையுறை போடுங்கள், பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய கிளையை அடுப்பில் எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. மாட்டுத் தீவனத்தில் ஒரு இலைகூடக் கலக்கக் கூடாது. அந்த இடத்தில் செம்பருத்தியோ முருங்கையோ கறிவேப்பிலையோ வையுங்கள். வாசலும் அழகாக இருக்கும், சமையலுக்கும் ஆகும்.

இருவரும் பேசி வையுங்கள்

கணவர் இரவு ஷிப்டில் இருப்பார். மனைவி கம்பெனி வேலைக்குப் போயிருப்பார். குழந்தை பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ இருக்கும். ஆகவே இன்றைக்கே இருவரும் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தச் செடி எங்கே இருக்கிறது என்று பாட்டிக்கும் காட்டிவையுங்கள். 108 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்: குழந்தை எவ்வளவு அழுகிறது என்று பார்க்காதீர்கள், எதைக் கடித்தது என்று பாருங்கள்!